தகப்பன்மாரைச் சாகடித்த நோட்ஸ்

கொத்துரொட்டி போடுகிறவளுக்குத் தாளம் தெரிந்தால் போதும், வேறு படிப்பு வேண்டியதில்லை. நிலாணிக்குப் படிப்பு கூடிப்போய்த் தாளம் கெட்டது. இரண்டு தகடுகளையும் கையில் எடுத்தால் ஆறு தட்டுத் தட்டுவாள், நிறுத்துவாள், மறுபடி ஆறு தட்டு. வாய் தன்பாட்டில் முணுமுணுக்கும். "வெக்யூஸ், வெக்யூஸ், வெக்யூ, வெக்யூசியோன், வெக்யூசியே, வெக்யூஸ்." வாசலில் பார்சலுக்கு நிற்கிற சனம் பிள்ளை ஏதோ விரதத்தில் இருக்கிறாள் என்று நினைத்தது. ஒரு கிழவர் தன் கொத்தில் முட்டை போடாமல் கொடுத்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பேபி. கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில், அடுக்குமாடிகளுக்குப் பக்கத்துப் பிளாசாவில் இருக்கும் பிரியந்தனின் சாப்பாட்டுக் கடையில் பதினெட்டு வருடமாகச் சமையல். கடைக்குப் பிரியந்தன் முதலாளி. குசினிக்கு நான். இந்த வித்தியாசம் பிரியந்தனுக்கும் தெரியும், அதனால்தான் இன்னும் நல்லபடியாக இருக்கிறோம். எனக்கு வாய் கொஞ்சம் பொல்லாதது என்று ஊர் சொல்லும். கொஞ்சம் என்று சொல்வது அவர்களுடைய நல்ல மனம்.

நிலாணி கொக்குவில்காரி. முப்பத்து மூன்று வயது. ஊரில் கணக்கு ரியூசன் கொடுத்தவள். மாணவர் விசாவில் வந்து, கல்லூரியில் எதையோ படித்து முடித்து, வேலைப் பெர்மிட்டில் எங்கள் குசினிக்குள் வந்து சேர்ந்தாள். அந்தப் பெர்மிட் இந்த மார்கழியோடு முடிகிறது. நிரந்தர வதிவிடத்துக்குப் புள்ளிகள் போதவில்லை. ஆனால் பிரெஞ்சு தெரிந்தவர்களைக் கனடா தனி வரிசையில் கூப்பிடுகிறது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலிலும் ஏழாம் நிலை எடுத்தால் இங்கே இருக்கலாம். எடுக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆக, வாழ்க்கையில் ஒரு பிரெஞ்சுக்காரனையும் நேரில் கண்டிராத பிள்ளை, ஸ்காபரோவில் நின்று மாவு குழைத்துக்கொண்டு, பிரெஞ்சு படிக்க வெளிக்கிட்டாள்.

வேறு யாராவது என்றால் "வணக்கம், சுகமா, தண்ணீர் எங்கே" என்று தொடங்குவார்கள். இவள் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதியவள். பழைய புத்தகக் கடை ஒன்றில் தலையணை மொத்தத்தில் ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கிவந்து, கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள்.

"ஏன் பிள்ளை பின்னாலயிருந்து தொடங்குறாய்?" என்று கேட்டேன்.

"கஷ்டமானது கடைசியிலதான் இருக்கும் அன்ரி. அதைப் பாடமாக்கினால் முன்னுக்கு இருக்கிறது தானா வரும்."

அந்தக் கடைசி அத்தியாயத்தில் இருந்தது ஒரு வினைச்சொல் வகை. இப்படி நடந்திருக்க வேண்டும், அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று ஆசையையும் ஏக்கத்தையும் பழைய காலத்துப் பிரெஞ்சில் சொல்வதற்கு வினைச்சொல்லுக்கு ஒரு தனி உடுப்பு இருக்கிறதாம். கூறைச்சேலை மாதிரி, இருக்கிறது, ஆனால் யாரும் அன்றாடம் உடுப்பதில்லை. நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஒவ்வொரு வினைக்கும் ஆறு உடுப்பு. அவள் நாற்பத்திரண்டு வினைகளை அட்டவணை போட்டு எழுதினாள். இடியப்பத் தட்டுகளுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். ஆவி பட்டுத் தாள் சுருண்டபோது, சாப்பாடு மூடுகிற பிளாஸ்டிக் சுருளில் பாதியை அதற்குச் சுற்றினாள். பிரியந்தன் அதைப் பற்றி என்னிடம் முறையிட்டான். நான் அவனுக்கு ஏசி அனுப்பினேன். பிறகு அவளுக்கும் ஏசினேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

"உதில முதலாவதும் ரெண்டாவதும் கடைசியும் ஒரே மாதிரித்தானே கேக்குது," என்றேன் ஒருநாள்.

"கேக்கிறது ஒண்டு அன்ரி. எழுதுறது வேறை வேறை."

"அப்ப வாயால சொல்லேக்குள்ள ஏன் மூண்டு தரம் சொல்லுறாய்?"

"பாடமாக்கிறதெண்டால் முழுசாப் பாடமாக்க வேணும்," என்றாள். இதற்கு மேல் யாழ்ப்பாணத்தவளோடு வாதாட முடியாது, நானும் யாழ்ப்பாணம்தான்.

செவ்வாய்க்கிழமைகளில் எங்களுக்கு மாவும் எண்ணெயும் கொண்டுவருகிற ஜூலியன் கியூபெக்காரன். தாய்மொழியே பிரெஞ்சு. ஒரு செவ்வாய் அவன் வரவில்லை, புதன் வந்தான். நிலாணி கையைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு நிற்கிற மாதிரி நிமிர்ந்து, "இல் ஒரே ஃபல்யூ க வூ வான்சியே இயேர்" என்றாள். நீங்கள் நேற்று வந்திருக்க வேண்டும் என்று அர்த்தமாம். ஜூலியன் தோளில் இருந்த மாவு மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றான். பிறகு மெதுவாக இறக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

அவன் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னது இதுதான்: தன் வாழ்க்கையில் யாரும் தன்னிடம் இப்படிப் பேசியதில்லை, தன் அம்மாவிடமும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள், ஏதோ ராசாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது போல இருக்கிறது, நேற்று டயர் வெடித்துவிட்டது, மன்னிக்க வேண்டும். அதன் பிறகு அவன் ஒரு செவ்வாயும் பிந்தவில்லை.

"பாத்தியோ, ஒருத்தரும் உப்பிடிக் கதைக்கிறேல்லையாம். உதை விட்டுட்டு ஒழுங்கானதைப் படி," என்றேன்.

"ஒருத்தருக்கும் தெரியாதெண்டால் மார்க்ஸ் கூட அன்ரி," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குப் பரீட்சை என்பது தனி ஒருவர் எழுதுகிற விசயம் இல்லை. முதலில் எழுதியவனை வாசலில் மறித்து "என்ன வந்தது?" என்று கேட்டு, வந்ததை எல்லோருக்கும் பகிர்ந்து, விடையை ஒருத்தி எழுத, மற்றவர்கள் பாடமாக்குவது எங்கள் முறை. ஊரில் மண்டப வாசலில் நின்று கேட்டதை இங்கே வாட்ஸ்அப்பில் கேட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பிரெஞ்சு எழுதுகிற தமிழ்ப் பிள்ளைகள் பதினாலு பேர் ஒரு குழு வைத்திருந்தார்கள். பேச்சுப் பரீட்சையில் உங்கள் குடும்பத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அடிக்கடி வருகிறது என்பதை அந்தக் குழு ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்தது.

நிலாணி நோட்ஸ் எழுதினாள். இருபத்திரண்டு பக்கம். பிரெஞ்சு வசனம், கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, எங்கே மூச்சு விட வேண்டும் என்பதற்குச் சிவப்புக் கோடு. ஏழாம் பக்கத்தில் தகப்பனைப் பற்றி ஒரு பந்தி. அதன் கடைசியில் அந்தக் கூறைச்சேலை வசனம்: "ஜோரே வூல்யூ க மோன் பேர் வெக்யூ." என் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருப்பேன். அதற்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தாள்.

குழுவில் லக்சிகா முதலில் கேட்டாள். பிறகு மிதுனன். பிறகு கஜீவன் கடைக்கே வந்து நின்றான். நிலாணி யோசித்தாள். எனக்கு அந்த யோசனை தெரியும். கொடுத்தால் தன் வசனம் போய்விடும். கொடுக்காவிட்டால் "நோட்ஸ் ஒளிக்கிறவள்" என்ற பெயர் வரும், அந்தப் பெயர் எங்கள் ஊரில் ஒரு பொம்பிளைப் பிள்ளையைச் சுடலை வரைக்கும் விடாது. கொடுத்துவிட்டாள். கஜீவன் எங்கள் கடைக் கவுண்டரிலேயே ஏழாம் பக்கத்தைப் பாடமாக்கத் தொடங்கினான்.

"மீனிங் தெரியுமோடா?" என்று கேட்டேன்.

"மீனிங் என்னத்துக்கு அன்ரி? ஐ ஜஸ்ட் நீட் த செவன்."

அவனுக்கு ஏழு வந்தது. லக்சிகாவுக்கு ஏழு. மிதுனனுக்கு எட்டு, அவன் கண்ணீரும் விட்டானாம். ஒவ்வொரு கிழமையும் இரண்டு பேர் போனார்கள், ஒவ்வொரு கிழமையும் எங்கள் ஆட்களின் தகப்பன்மார் இரண்டு பேர் பிரெஞ்சில் செத்தார்கள். செத்த மனிதர்கள் மார்க்கம், அஜக்ஸ் நகரங்களிலும் யாழ்ப்பாணத்திலும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். அதில் ஒருவர், கஜீவனின் தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசா, மகனைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்திருந்தார். தினமும் பத்து மணிக்கு எங்கள் கடை மூலை மேசையில் பிளேன்ரீயும் ஒரு மட்டன் றோலும். எனக்கு வாய் பொறுக்கவில்லை.

"அண்ணை, உங்கட மகன் உங்களைச் சாகடிச்சுத்தான் பாஸ் பண்ணினவர், தெரியுமோ?"

அவர் றோலைக் கீழே வைத்தார். நான் முழுவதையும் சொன்னேன்.

"நான் எப்ப செத்தனான்?"

"அது எழுதேல்லை."

"வருத்தம் வந்தோ, அக்சிடன்ரிலயோ?"

"அதுவும் இல்லை அண்ணை. சும்மா செத்தனீங்கள்."

பிளேன்ரீயில் ஒரு வாய் குடித்தார். "ஏழு வந்ததோ?"

"வந்தது."

"அப்ப சரி," என்று சொல்லி றோலை எடுத்தார்.

நான் சிரித்துக்கொண்டே குசினிக்குள் போய் நிலாணியைப் பிடித்தேன். "கொக்குவில்ல இருக்கிற மனுசன் உனக்கு என்ன பாவமடி செய்தது? மார்க்ஸுக்காக ஆரும் பெத்த தகப்பனை இல்லாமல் ஆக்குவினமோ?" அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "உந்த வசனத்துக்கு மார்க்ஸ் வரும் அன்ரி," என்றாள். வெங்காயத்துக்கு எப்படியும் கண்ணீர் வரும், நான் அதைக் கணக்கெடுக்கவில்லை.

எல்லோருக்கும் பரீட்சைக்கு இடம் கிடைத்து, நோட்ஸ் எழுதியவளுக்குக் கடைசியாகத்தான் இடம் கிடைத்தது. பதிவு திறக்கிற நேரமெல்லாம் இவள் கை மாவுக்குள் இருந்தால் வேறு என்ன நடக்கும்? புரட்டாதி கடைசியில் ஒரு வியாழக்கிழமை. அதை விட்டால் தை மாதம் வரை இடமில்லை, பெர்மிட்டோ மார்கழியில் முடிகிறது. ஒரே ஒரு தரம்தான். காலையில் நான் பிள்ளையார் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, ஐந்து றோல் பொதி செய்து கொடுத்து, கென்னடி ஸ்ரேசன் வரைக்கும் பஸ்ஸில் கூடப் போனேன். வழியெல்லாம் அவள் ஆறு ஆறாகத் தொடையில் தட்டிக்கொண்டு வந்தாள்.

பிறகு நடந்ததை அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் முடிந்து, பேச்சுக்கு ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டார்கள். நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. குடும்பத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நிலாணி ஏழாம் பக்கத்தைத் தொடங்கினாள். சிவப்புக் கோட்டில் மூச்சு விட்டாள். மூன்று நட்சத்திர வசனத்தை ஒரு பிசகில்லாமல் சொல்லி முடித்தாள்.

அந்தப் பெண்மணி பேனாவை மேசையில் வைத்தார். கோபம் இல்லை, களைப்புத்தான். "இந்த இரண்டு மாதத்தில் இந்த வசனத்தை எனக்குச் சொல்கிற பத்தாவது ஆள் நீங்கள்," என்றார். "பத்துப் பேருடைய தகப்பனும் இறந்துவிட்டார்கள். பத்துப் பேரும் என் பாட்டனார்கூட எழுதாத ஒரு வினைச்சொல்லால் அழுகிறீர்கள். உங்களுடைய தகப்பன் உண்மையாகவே இறந்துவிட்டாரா?"

இது என்னுடையது, நான்தான் எழுதினேன், மற்றவர்கள் என்னிடம் வாங்கினார்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஏழாம் பக்கத்தில் வசனம் இல்லை. இருபத்திரண்டு பக்கத்திலும் இல்லை. நாற்பத்திரண்டு வினையும் ஆறு ஆறாக எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விட்டன என்று சொன்னாள்.

"ஓம்," என்று மட்டும் சொல்லியிருக்கிறாள், பிரெஞ்சில்.

"அப்படியென்றால் அவரைப் பற்றி வேறு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லுங்கள்."

நிலாணி சொன்னாள். முதலாம் பாடத்துப் பிரெஞ்சில், எல்லாம் இப்போது நடக்கிற மாதிரி. "அப்பா சைக்கிள் ஓட்டுகிறார். நான் பின்னுக்கு இருக்கிறேன். காலை ஐந்து மணி. நான் ரியூசனுக்கு உள்ளே போகிறேன். அப்பா வெளியே நிற்கிறார். அப்பா பேப்பர் வாசிக்கிறார். மழை வருகிறது. அப்பா பேப்பரைத் தலையில் வைக்கவில்லை, சேட்டுக்குள் வைக்கிறார். அப்பா நனைகிறார். பேப்பர் நனையவில்லை. வீட்டில் அம்மா ஏசுகிறா. அப்பா சொல்கிறார், பேப்பருக்குக் காசு கொடுத்தது, தலைக்குக் காசு கொடுக்கவில்லை." அந்தப் பெண்மணி சிரித்தாராம். நிலாணி நிறுத்தவில்லை. "அப்பா செத்துப்போகிறார். நான் இங்கே இருக்கிறேன். நான் போனால் திரும்பி வர ஏலாது. நான் போகவில்லை."

நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. அந்தப் பெண்மணி கொஞ்சம் பொறுத்துத்தான் அதை நிறுத்தினாராம்.

நேரே கடைக்கு வந்தாள். ஏப்ரனைக் கட்டினாள். நான் வழக்கம்போல, "என்ன வந்தது?" என்று கேட்டேன்.

"அப்பா வந்தார் அன்ரி."

"வசனத்தைச் சொன்னனியோ?"

அப்போதுதான் இதெல்லாம் சொன்னாள், மாவை உருட்டிக்கொண்டே. நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"உண்மையாவோ பிள்ளை?"

"ஓம் அன்ரி. போன வருசம்."

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"தமிழில சொன்னால் அழுகை வரும். அதில வராது. வினைச்சொல் சரியோ எண்டு பாக்கவே நேரம் போயிடும்."

எத்தனை தரம் அந்தத் தகப்பனை வைத்துப் பகிடி விட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

அவள் தான் தோற்றுவிட்டதாகவே முடிவு கட்டியிருந்தாள். ஒரு இறந்த காலமும் வரவில்லை, எதிர்காலம் வரவில்லை, படித்த ஒன்றும் வரவில்லை. மூன்றாம் கிழமை முடிவு வந்தது. கேட்டல் எட்டு, வாசித்தல் ஒன்பது, எழுதுதல் எட்டு. பேசுதல் சரியாக ஏழு. பிரியந்தன் எல்லோருக்கும் இலவசமாகப் பற்றிஸ் கொடுத்தான், பிறகு யோசித்து ஆளுக்கு ஒன்று என்று திருத்தினான். ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை தன் மகனைக் கூப்பிட்டு நிலாணிக்கு நன்றி சொல்ல வைத்தார். ஐப்பசி முடிவதற்குள் கனடா அவளுக்கு அழைப்பு அனுப்பியது.

விண்ணப்பத்தைக் கடையின் பின்னறையில், பிரியந்தனின் கம்ப்யூட்டரில் நிரப்பினாள். எதற்கு என்னைப் பக்கத்தில் இருத்தினாள் என்று தெரியவில்லை. தன் விபரம் எல்லாம் மடமடவென்று அடித்தாள். குடும்ப விபரம் வந்தது. தாய், முடிந்தது. தகப்பன் என்ற இடத்தில் எழுந்து, "கை ஒட்டுது அன்ரி, கழுவிட்டு வாறன்," என்று போனாள். வந்து உட்காரவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு, "நீங்கள் அடியுங்கோ, நான் சொல்லுறன்," என்றாள்.

எனக்கு ஒரு விரலால்தான் அடிக்கத் தெரியும். பெயர் அடித்தேன். பிறந்த திகதி அடித்தேன். இறந்திருந்தால் திகதியும் இடமும் எழுதவும் என்று ஒரு பெட்டி.

"ரெண்டாயிரத்து இருபத்திநாலு, மார்ச் பதின்மூண்டு. கொக்குவில்."

அடித்தேன். பிறகு என் விரல் நின்றது. அந்தக் கிழமையை என்னால் மறக்க முடியாது. மார்க்கத்தில் ஒரு சாமத்திய வீட்டு விருந்துக்கு அறுநூறு றோல். விடிய ஐந்து மணிக்கே எல்லோரையும் வரச்சொல்லி, குசினியில் நின்று பேயாட்டம் ஆடினேன்.

"எப்ப அப்பாவை எடுத்தவை பிள்ளை?"

"வெள்ளிக்கிழமை. இஞ்சத்தை நேரத்துக்கு விடியப்புறம்."

அந்த வெள்ளிக்கிழமை இவள் மேசைக்குக் கீழே போனை வைத்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். றோல் சுருட்ட வந்தனியோ படம் பார்க்க வந்தனியோ என்று கத்தி, அந்தப் போனைப் பறித்து லாச்சிக்குள் போட்டுப் பூட்டியது நான். மத்தியானம் தான் திருப்பிக் கொடுத்தேன். அவள் அன்றைக்கு இருநூறு றோல் சுருட்டினாள்.

"நிலாணி," என்றேன்.

"தெரியும் அன்ரி," என்றாள். "நீங்கள் பறிக்க முதல், அப்பான்ர பெட்டியை மூடுற வரைக்கும் போனில பாத்தனான்." பிறகு வந்து என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தாள். "அடுத்ததுக்குப் போங்கோ. ஒண்டும் அடிக்காமல் இருந்தால் உது தானா மூடியிடும், பிறகு எல்லாத்தையும் முதலிலயிருந்து எழுத வேணும்."